இரண்டு இடக்கைச் சம்மனசு

மனோர் பார்க், லண்டன்
12.10.1986

யேசு மரி சூசை

அன்புள்ள மெற்றில்டா அக்காவுக்கு,

உங்களையும் மருமகள் பியற்றிசையும் மடு மாதா தன் காவலில் வைத்திருக்க வேண்டும். நானும் அத்தானும் சுகம். தடிமன் மட்டும் இரண்டு பேருக்கும் மாறிமாறி வருகிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி?

அத்தான் வந்து சேர்ந்தார். விமானத்தில் வந்த சனமெல்லாம் வெளியேறிய பிறகு, கடைசி ஆளாக, நீங்கள் தைப்பித்துக் கொடுத்த கறுப்புக் கோட்டோடு வந்தார். அக்கா, கோபிக்க வேண்டாம். கழுத்துவரை பொத்தான் பூட்டிய அந்தக் கோட்டைத் தூரத்தில் கண்டு, சுவாமியார் ஒருவர் வருகிறார் என்றுதான் நினைத்தேன். உள்துணிக்குள் மாதாவின் பதக்கத்தை வைத்துத் தைத்திருக்கிறீர்கள் என்று வீட்டுக்கு வந்ததும் பெருமையாகத் தடவிக் காட்டினார்.

வேலையும் கிடைத்துவிட்டது. இல்ஃபோர்டில் ஜம்புநாதன் என்பவர் பலசரக்குக் கடை திறக்க இருந்தார். அவரிடம் அத்தானின் கைராசியைப் பற்றி எடுத்துவிட்டது நான்தான். "ஊரிலை புதுப் படகு இறக்கிறதெண்டாலும், வீட்டுக்குக் கல் வைக்கிறதெண்டாலும் எங்கடை அத்தானைத்தான் கூப்பிடுவினம்" என்றேன். மனிசன் அப்படியே பிடித்துக்கொண்டார். தேங்காய் உடைத்து முதல் வியாபாரத்தை அத்தான் கையால் செய்வித்தார். இப்போது கடைக்குள் நிற்க இடமில்லை. அத்தானை விடமாட்டேன் என்கிறார்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊருக்கு ஹோட்டல் என்றே சொல்லுங்கள். உங்களுக்கு மறைப்பானேன், அது சூதாட்ட மாளிகை. நான் வாசலில் கோட்டுகளை வாங்கி மாட்டிவிட்டு, இலக்கம் வெட்டிய பித்தளைத் தகட்டைக் கையில் கொடுப்பவன். வெரிங்கம் ஹவுஸ் என்றால் லண்டன் டாக்ஸிக்காரர் எவரும் விலாசம் கேட்பதில்லை. அதைக் கட்டியவன் நம் மலைநாட்டில் கோப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு பிரபு. கோப்பிக்கு நோய் வர, தன் சாப்பாட்டு மேசையிலேயே சீட்டாடி, வீட்டைச் சிநேகிதனிடம் தோற்றானாம். ஆக அந்த வீட்டுக்குச் சூது புதிதல்ல.

பெரிய மண்டபத்தின் கூரை முழுக்க ஓர் இத்தாலியன் சிறகு விரித்த சம்மனசுகளை, தேவதூதர்களை, வரைந்திருக்கிறான். யுத்தத்தில் பின்தெருவில் குண்டு விழ, கூரையின் ஒரு மூலை கொட்டிவிட்டது. பெயர்ப்பலகை எழுதும் ஒருவனைப் பிடித்து அதைச் சரிசெய்தார்கள். அவன் வரைந்த சம்மனசுக்கு இரண்டு கையும் இடக்கை! பெருவிரல்கள் இரண்டும் ஒரே பக்கம். விளையாட வருகிறவர்கள் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, அதனால் இன்னும் அப்படியே இருக்கிறது.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. உள்ளே வந்த எவரையும் வெளியே கண்டால் தெரிந்ததாகக் காட்டக்கூடாது. பெரிய மனிதர்களின் மானம் எங்கள் கையில் என்பார் தலைமை வாசல்காரர். நல்ல மானம்!

உங்கள் செபத்தில் என்னையும் ஒரு மூலையில் வைத்திருங்கள்.

அன்புத் தம்பி,
கஸ்பர்


குருநகர், யாழ்ப்பாணம்
7.12.1986

யேசு மரி சூசை

தம்பி கஸ்பருக்கு அக்கா எழுதுவது,

கோட்டையிலிருந்து ஆமிக்காரர் அடிக்கும் செல் குண்டு வராத நாட்களில் நாங்கள் மிகவும் சுகம். வருகிற நாட்களில் கோயிலுக்குள். முழங்கால் வலி ஓடும்போது தெரிவதில்லை. உன் தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி.

உன் கடிதத்தில் முக்கால் பங்கு அந்தப் பிரபுவுக்கு, கால் பங்கு என் புருசனுக்கு. நான் என்ன, பிரபுவுக்கா வாழ்க்கைப்பட்டேன்? அவர் சாப்பிடுகிறாரா, நித்திரை கொள்கிறாரா என்று எழுது.

ஆனாலும் அவர் எழுதியதைப் படித்து மனம் குளிர்ந்தது. "ஞாயிறுகளில் ஒரு பெரிய இடத்துக்குப் போகிறேன். கம்பளத்தில் நடந்தால் கால் சத்தம் கேட்காது. யாரும் உரக்கப் பேசுவதில்லை. அண்ணாந்தால் மேலெல்லாம் சம்மனசுகள்" என்று எழுதியிருக்கிறார். மாதர் சங்கத்தில் அதை உரத்து வாசித்தேன். அது சுவாமியின் காதுக்கு எட்டி, போன ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லிவிட்டார், அகதியாய்ப் போன இடத்திலும் ஆலயத்தை மறவாத மனிதர் என்று. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அனாதை மடத்தில் வளர்ந்த பிள்ளை என்று ஒருகாலத்தில் அவரைப் பார்த்து முகம் சுழித்த ஊர் இது. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு.

உன் சூதாட்ட வீட்டிலும் சம்மனசு, அவருடைய கோயிலிலும் சம்மனசு. லண்டனில் சம்மனசுக்குப் பஞ்சமில்லை போல. நீயும் ஒருநாளைக்கு அவரோடு அந்தக் கோயிலுக்குப் போனால் குறைந்துவிட மாட்டாய். கோயிலின் பெயரைச் சுவாமி கேட்கிறார். உன் அத்தான் எழுத மறந்துவிட்டார். நீ கேட்டு எழுது.

யேசு பாலன் பிறப்பு ஆசீர் உங்கள் இருவருக்கும்.

அக்கா,
மெற்றில்டா


மனோர் பார்க்
4.1.1987

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

நீங்கள் சுகமென்று தெரியும். காலையில் நீங்கள் இருமியது சுவருக்கு இப்பால் கேட்டது. உங்கள் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு பலகைதான். ஆனாலும் இதை முத்திரை ஒட்டித் தபாலில் போடுகிறேன். அக்காவின் புருசனை முகத்துக்கு நேரே நின்று கேள்வி கேட்க நான் வளர்க்கப்படவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் ஜம்புநாதன் வந்தார். அவர் அங்கே அங்கத்தவர், அது எனக்குத் தெரியும். அவருடைய விருந்தாளி என்று பின்னால் வந்தது நீங்கள். கோட்டைக் கழற்றி நீட்டினீர்கள். "குட் ஆஃப்டர்நூன், சேர்" என்றேன். "தாங்க் யூ" என்றீர்கள். தகட்டைக் கொடுத்தேன். மிருகத்தோல் கோட்டுகளுக்கு நடுவில் அக்கா தைப்பித்த கோட்டை மாட்டும்போது மாதாவின் பதக்கம் விரலில் தட்டியது.

வீட்டுக்கு வந்து இருவரும் ஒரே சட்டியில் பருப்புப் போட்டுச் சாப்பிட்டோம். நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதன்பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான். மாளிகையின் விதியை நாங்கள் குசினியிலும் கைக்கொள்கிறோம்.

கதவு திறக்கும்போது உள்ளே தெரியும். ஜம்புநாதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், சில்லுச் சுற்றும் மேசையில் பந்தயக் காசு வில்லைகளை வைப்பது நீங்கள். இந்தக் கைராசிக் கதையை அந்த மனிசனுக்குச் சொன்னது நான். அதனால் உங்களைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை.

அக்கா அதைக் கோயில் என்று நினைத்து ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறா. சுவாமி பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். இப்போது கோயிலின் பெயரைக் கேட்கிறா. நான் எந்தப் பெயரை எழுத? தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

பணிவுள்ள மைத்துனன்,
கஸ்பர்


மனோர் பார்க்
9.1.1987

தம்பி கஸ்பருக்கு,

உமது சுகத்துக்கு மன்றாடுகிறேன். கடிதம் கிடைத்தது. தபால்காரரிடம் அதை வாங்கி என் கதவடியில் வைத்தவரும் நீர்தான். படிக்கட்டில் நின்று பார்த்தேன்.

நான் சூதாடுவதில்லை. ஒரு சதமும் என்னுடையதல்ல. அவர் இலக்கத்தைச் சொல்வார், நான் வில்லையை வைப்பேன். கையை மட்டும் கொடுக்கிறேன். என் கை பட்டால் வெல்கிறது என்கிறார், வெல்லவும் வெல்கிறது. கடைக்கு மேலேயுள்ள வீட்டை எனக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். குடும்பத்தைக் கூப்பிடுவதென்றால் இருக்க இடம் காட்ட வேண்டும் என்று வக்கீல் சொன்னது உமக்கும் தெரியும்.

ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தேன். தராசில் ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை. இங்கே ஒருவருடைய தாயத்தாக நிற்கிறேன். உம்மிடம் கோட்டை நீட்டும்போது எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிகிறது.

கோயில் என்று நான் எழுதவில்லை. பெரிய இடம் என்றுதான் எழுதினேன். உமது அக்கா கோயில் என்று எடுத்துக்கொண்டா. திருத்தியிருக்க வேண்டும், அவ்வளவு சந்தோசமாக எழுதியிருந்தபடியால் திருத்தவில்லை. வீடு கிடைத்ததும் நிறுத்திவிடுவேன். அதுவரைக்கும் அவவுக்கு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பருப்புக்கு உப்புக் கூட. குறைத்துப் போடவும்.

சவிரிமுத்து


மனோர் பார்க், லண்டன்
22.3.1987

யேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

தபசு காலத்தில் உங்களுக்கும் பியற்றிசுக்கும் தேக சுகமும் மனத் திடமும் கிடைக்க வேண்டுகிறேன். நாங்கள் சுகம். அத்தான் சாப்பிடுகிறார், நித்திரை கொள்கிறார். கோயிலின் பெயரைக் கேட்க மறந்துபோனேன்.

வெரிங்கம் ஹவுசின் மீதிக் கதையைச் சொல்கிறேன். யுத்தம் முடிந்து கொஞ்சக் காலம் ஒரு காப்புறுதிக் கம்பனி அங்கே பழைய பைல்களை அடுக்கி வைத்திருந்ததாம். சம்மனசுகளுக்குக் கீழே வெறும் பைல்கள். அறுபதுகளில் சட்டம் மாறியது, சூதாட்டத்துக்குக் கதவு திறந்தது. பிரான்சிலிருந்து கண்ணாடி விளக்குகள் வந்தன. திறப்பு விழாவுக்கு நடிகர்களும் சீமாட்டிகளும் வந்து, தெரு முழுக்கக் கார் நின்றதாம். பிறகு எண்ணெய் நாட்டு இளவரசர்களின் காலம். ஒருவர் தன் பருந்தையும் கொண்டுவந்து, அதற்கும் கோட்டு அறையில் இடம் கேட்டாராம். எங்கள் தலைமை வாசல்காரர் அதற்கும் தகடு கொடுத்தேன் என்கிறார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒருநாள் பொலிஸ் வந்தது. கணக்கில் ஏதோ கோளாறு, அனுமதியைப் பறித்துவிட்டார்கள். ஒரு வருசம் பூட்டிக் கிடந்தது. இப்போதுள்ள முதலாளி வாங்கிக் கம்பளத்தை மாற்றித் திறந்தார். பழைய கம்பளம் சிவப்பு, இது பச்சை. நிறத்தை மாற்றினால் பழைய அவமானம் போய்விடும் என்று நினைத்தார் போல. விளக்குகளைத் துடைக்க மட்டும் ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள், அவன் போர்த்துக்கல்காரன், நல்ல கத்தோலிக்கன்.

தாள் முடிந்துவிட்டது. மருமகளுக்கு என் முத்தங்கள்.

தம்பி,
கஸ்பர்


குருநகர், யாழ்ப்பாணம்
14.6.1987

யேசு மரி சூசை

தம்பி கஸ்பருக்கு,

உயிரோடிருக்கிறோம், கர்த்தருக்குத் தோத்திரம். கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

பியற்றிஸ் இடக்கையால் எழுதுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் பிரம்பால் தட்டுகிறார்கள். பிள்ளை அழுது அப்பாவுக்கு எழுதினாள். அதற்கு அவர் போட்ட பதில் போன கிழமை வந்தது. "என் குஞ்சு, அழாதே. நான் ஞாயிறுகளில் போகிற இடத்தில் மேலே ஒரு சம்மனசு இருக்கிறது. அதற்கு இரண்டு கையும் இடக்கை. அதை யாரும் அடிப்பதில்லை" என்று எழுதியிருந்தார். பிள்ளை கடிதத்தைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க ஓடினாள்.

நான் குசினிக்குள் போய், நீ முதலில் எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

தம்பி, ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். பிரபு வேண்டாம், இளவரசர் வேண்டாம், பருந்தும் வேண்டாம். லண்டனில் இரண்டு இடக்கையோடு எத்தனை சம்மனசு இருக்கிறது?

மாதர் சங்கத்துக்கு நான் இப்போது போவதில்லை. முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறேன். பிரசங்க மேடையைப் பார்த்தாலே முகம் சுடுகிறது.

அக்கா,
மெற்றில்டா


மனோர் பார்க், லண்டன்
20.9.1987

யேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் பியற்றிசும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். உங்கள் கடிதம் வந்து கனநாள். ஒவ்வொரு ஞாயிறும் பேனையை எடுத்துவிட்டு வைத்துவிடுவேன்.

ஒன்றுதான், அக்கா.

நான் உங்களுக்குப் பொய் எழுதவில்லை. ஆனால் மாளிகைக் கதையைப் பக்கம் பக்கமாக எழுதி, உண்மைக்குத் தாளில் இடமில்லாமல் செய்துவிட்டேன். உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று தெரியவில்லை.

அத்தான் சூதாடவில்லை, இதை நம்புங்கள். கைராசி என்று ஜம்புநாதன் கூட்டிக்கொண்டு போனார். கடைக்கு மேலுள்ள வீட்டை உங்களுக்காகத் தருவதாக ஆசை காட்டினார். முதலில் வென்றார்கள். சித்திரையிலிருந்து ஒரே தோல்வி. வைகாசியில் ஒரு ஞாயிறு, மண்டபம் நிறையச் சனம் இருக்க, ஜம்புநாதன் தமிழில் கத்தினார். "உந்தக் கையை எடும் காணும்! பீடை பிடிச்ச கை. உதாலைதானே என்ரை கடையையும் திறந்தனான்!"

அத்தானை விட்டால் அங்கே அது விளங்கியது எனக்கு மட்டும்தான். அத்தான் மேசையிலிருந்த கையை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என் மேசையைக் கடந்து, கோட்டை வாங்காமல், மழைக்குள் போய்விட்டார். "அத்தான்" என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. சீருடையோடு நின்றேன்.

அதன்பிறகு அவர் கடைக்குப் போகவில்லை. பெற்றோல் நிலையமொன்றில் வேலை. கோட்டு இன்னும் அங்கேதான் தொங்குகிறது. தகட்டைக் கொண்டுவராமல் யாருக்கும் கொடுக்கக்கூடாது. தகடு அவரிடம் இருக்கிறது. அதை என்னிடம் தருவதென்றால் நடந்ததைப் பற்றிக் கதைக்க வேண்டும். ஆகவே தருவதில்லை.

இதைவிடப் பெரிய விசயம் ஒன்று உண்டு. இந்த வீட்டின் மேல்மாடியை நான் வாடகைக்கு எடுத்துவிட்டேன், வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது. உங்கள் இருவரையும் கூப்பிடும் பத்திரங்களை வக்கீல் முடித்துத் தந்துவிட்டார். அத்தானின் கையெழுத்து மட்டும்தான் மிச்சம். போடமாட்டேன் என்கிறார். "இந்தக் கையாலை நான் அதுகளைக் கூப்பிட்டால் பிளேன் வந்து சேராது தம்பி" என்கிறார். எனக்குச் சோறு போட்டுத் தரக்கூட அந்தக் கையை நீட்டுவதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார். கெதியாக எழுதுங்கள்.

தம்பி,
கஸ்பர்


மனோர் பார்க், லண்டன்
29.11.1987

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கே இருக்கிறீர்கள்? யாழ்ப்பாணத்தில் சண்டை என்று ஐப்பசியிலிருந்து ரேடியோ சொல்கிறது. குருநகரைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அத்தான் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். பத்திரங்கள் மேசையில் அப்படியே கிடக்கின்றன.

வெரிங்கம் ஹவுசை விற்றுவிட்டார்கள். வருகிற வைகாசியோடு பூட்டுகிறார்கள், ஹோட்டலாக மாற்றப் போகிறார்களாம். ஊரிடம் நாங்கள் சொன்ன பொய் உண்மையாகப் போகிறது. உரியவர் வாங்காத கோட்டுகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு வரி போதும், அக்கா. ஒரே ஒரு வரி.

கஸ்பர்


குருநகர், யாழ்ப்பாணம்
10.2.1988

யேசு மரி சூசை

தம்பி கஸ்பருக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. நானும் பியற்றிசும் சுகம். அவள் கொஞ்சம் மெலிந்துவிட்டாள்.

சண்டை நடந்த நாட்கள் முழுக்க ஊரே கோயிலுக்குள் இருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் தெருவில் நாலு வீடு இல்லை. அதில் ஒன்று மூலையிலிருந்த செபமாலைமுத்து அண்ணையின் புது வீடு. அத்திவாரம் வரை பெயர்ந்துவிட்டது. உன் அத்தான் கல் வைத்த வீடு. அண்ணை கொழும்புக்குப் போய்விட்டார், அங்கிருந்து எந்த நாட்டுக்கென்று தெரியாது.

இனி நான் சொல்வதை நீ உன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கலியாணத்துக்கு உன் அத்தான் பக்கம் நிற்க ஒரு சொந்தமும் இருக்கவில்லை. ஊரில் நல்லது கெட்டதுக்கு ஒருவரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் கடைசிப் பந்தி. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. புதுப் படகு வாங்கியபோது மருமகன் கையால்தான் தள்ளுவித்தார். அன்றைக்கு வலையில் ஒரு கூடை மீன்கூட இல்லை. அப்பா பாஷையூர்க் கரையில் மீன் வாங்கித் தன் படகில் கொட்டிக்கொண்டு வந்தார். "மருமோன்ரை கைராசி" என்று கரை முழுக்கக் கத்தினார். அன்றிலிருந்துதான் ஊர் அவரைக் கூப்பிடத் தொடங்கியது. நீ அப்போது சின்னப் பிள்ளை, மீனைக் கண்டு துள்ளினாய். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

இதை அவரிடம் சொன்னால் இன்றைக்கே கையெழுத்துப் போடுவார். பிறகு எப்படி என் முகத்தைப் பார்ப்பார்? ஊரில் அவருக்குக் கிடைத்த மரியாதை முழுக்க அந்தப் படகிலிருந்து வந்தது. அந்த மண்டபத்தில் ஒருத்தன் அவரைக் கேவலப்படுத்தியது போதும், நானும் அதைச் செய்யமாட்டேன்.

இத்தோடு அவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. நீ வாசித்துவிட்டுக் கொடு. அதிலே உள்ளது பொய். அங்கே வந்த பிறகு எப்போதாவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் மாளிகையைப் பற்றி எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

அக்கா,
மெற்றில்டா


குருநகர், யாழ்ப்பாணம்
10.2.1988

அன்புள்ள பியற்றிசின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் ஒரு கீறலும் இல்லாமல் சுகம். நீங்கள் யோசித்து யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் எப்படித் தப்பினோம் என்று எழுதினால்தான் உங்களுக்கு ஆறுதல். தெருவில் மற்ற வீடுகள் இடிந்துபோயின. நீங்கள் கல் வைத்த செபமாலைமுத்து அண்ணையின் வீடு மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. அதற்குள்தான் எல்லாரும் ஒதுங்கினோம். "சவிரிமுத்து வைச்ச கல்லு" என்று அண்ணை ஒவ்வொருவரிடமும் சொன்னார். அந்தக் கை வைத்த கல்தான் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றியது.

அதே கையால் எங்களையும் கூப்பிடுங்கள். தம்பி கையால் வேண்டாம், வக்கீல் கையால் வேண்டாம். உங்கள் கையால்.

பியற்றிஸ் இப்போது இடக்கையால் எழுத வெட்கப்படுவதில்லை. யாராவது கேட்டால், "லண்டன் சம்மனசுக்கும் இப்பிடித்தான்" என்கிறாள்.

உங்களை நினைத்துக்கொண்டிருக்கும்,
மெற்றில்டா


மனோர் பார்க்
27.3.1988

தம்பி கஸ்பருக்கு,

உமக்கு இருமல் குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன், நேற்றுச் சுவரால் கேட்கவில்லை. இதையும் தபாலிலேயே போடுகிறேன். பழகிவிட்டது.

உமது அக்காவின் கடிதத்தை நீர் தந்த அன்றைக்கு நான் அழுததைக் கண்டிருப்பீர். இன்றைக்குப் பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு, பூசைக்குப் போய்விட்டு வந்து கையெழுத்துப் போடுவோம் என்று தமிழ்ப் பூசைக்குப் போனேன். கோயில் வாசலில் செபமாலைமுத்து அண்ணை நின்றார். அவர் இங்கே வந்து இரண்டு கிழமைதானாம். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, வீடு தப்பினதுக்குச் சந்தோசம் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "எந்த வீடு தம்பி? என்ரை வீட்டிலை நிக்கிறது கிணறு மட்டும்தானே" என்றார்.

பிறகு நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம். மாமாவின் படகைப் பற்றியும் சொன்னார். பாஷையூரில் மீன் விற்றது அவருடைய தமையன்தானாம். இத்தனை நாளும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்கு முகம் கறுத்துப்போனது.

பூசைக்குள் போகவில்லை. வெளியே மதிலில் இருந்தேன். எத்தனை பேருடைய வீட்டில் கல் வைத்தேன், எவ்வளவு தலைநிமிர்ந்து போய் முன்வரிசையில் இருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். வெட்கம் என்றால் அவ்வளவு வெட்கம். ஜம்புநாதன் கத்தியபோதுகூட அவ்வளவு இல்லை. கனநேரத்துக்குப் பிறகு மாமாவை நினைத்தேன். எனக்காக ஒரு படகு மீனை விலைக்கு வாங்கியிருக்கிறார். உமது அக்கா இடிந்த வீடொன்றையே எனக்காகக் கட்டி எழுப்பியிருக்கிறா.

என் கை வெறும் கை, தம்பி. அது ராசியும் இல்லை, பீடையும் இல்லை. அது தெரிந்த பிறகு பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக்கு வக்கீலிடம் கொடுக்கிறேன்.

அண்ணையைக் கண்டதையோ, எனக்குத் தெரியும் என்பதையோ உமது அக்காவுக்கு ஒருபோதும் எழுத வேண்டாம். இனி அந்த வீடு நிற்கட்டும்.

இத்துடன் உங்கள் மாளிகையின் பித்தளைத் தகட்டை வைத்திருக்கிறேன். பூட்டுவதற்குள் கோட்டை வாங்கி வாரும். அக்கா வந்து இறங்கும்போது குளிரும்.

சவிரிமுத்து